புது வண்டிக்கு விலை பேசிய அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

பள்ளத்தூர்வாசி

வண்டி எடுத்து நான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் மனத்தில் அறுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். சிறிய பெட்ரோல் கார், 1197 சிசி. ஷோரூம் விலை 7,20,000. மூன்று வாரம் நடையாய் நடந்து 18,000 ரூபாய் குறைக்க வைத்தேன். பேச்சு முடிந்தது என்று நம்பித்தான் அந்த வெள்ளிக்கிழமை காலை காரைக்குடிக்குப் போனோம்.

ஆத்தா மடியில் நான்கு எலுமிச்சம்பழம், தேங்காய், சந்தனக் கிண்ணம். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். மாலை போட்டாகிவிட்டது. மதியம் நடை சாத்துவதற்குள் பிள்ளையார்பட்டி போய்ச் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை முன்னால் வைத்தார்கள். ஆயுள் வரி 13 சதவீதம், 93,600. அது அரசுக்குப் போவது, சரி. அதற்குக் கீழே இன்சூரன்ஸ் 48,900. அதற்கும் கீழே 'கையாளும் கட்டணம்' 6,500, 'அத்தியாவசியப் பொருள்கள்' 11,200. கடைசி இரண்டைப் பற்றி மூன்று வாரத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்சூரன்ஸை நானே வெளியில் எடுத்து வருகிறேன் என்று திங்கட்கிழமையே போனில் சொல்லியிருந்தேன். அதே காப்பு மதிப்பு, தேய்மானம் கழிக்காத அதே பாலிசி, வெளியில் 35,400. அதை நினைவுபடுத்தினேன். அந்தத் தம்பி மறுத்துப் பேசவில்லை. "இன்சூரன்ஸ் இல்லாமல் பதிவு நடக்காது அண்ணே, அதனால் உங்கள் பெயரில் முந்தாநாளே போட்டுவிட்டோம். ரத்து செய்யலாம். ஆனால் எல்லாம் முதலிலிருந்து, இன்றைக்கு வண்டி வெளியே போகாது" என்றான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "பத்தரைக்கு ராகு காலம் வேறு."

மணி பத்து பதினெட்டு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆத்தா தேங்காயைக் கையில் எடுத்துவிட்டார். என்னைப் பார்த்து வா என்று தலையசைத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பணம் போனதைவிட அந்தக் கடிகாரப் பார்வைதான் எனக்கு ஆறவில்லை.

தேவகோட்டை டீச்சர்

எனக்குக் கார் இல்லை, 110 சிசி ஸ்கூட்டர். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தேன். "சார் வரவில்லையா மேடம்?" என்று கேட்டார்கள். வரவில்லை, நான்தான் வாங்குகிறேன் என்றேன். அதற்குப் பிறகும் விலையெல்லாம் என் மகன் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். அவன் பாவம், ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பினான்.

தாளில் இரண்டு ஹெல்மெட்டுக்கு 1,800 ரூபாய் போட்டிருந்தார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 138, உட்பிரிவு 4 எஃப், புது இருசக்கர வாகனம் வாங்கும்போதே தர முத்திரை உள்ள தலைக்கவசம் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போயிருந்தேன். மேலாளர் வந்தார், உட்காராமல் நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மேடத்துக்கு மட்டும் அதைக் கழித்துவிடு" என்று பையனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேடத்துக்கு மட்டும். எனக்கு அடுத்த நாற்காலியில் கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. அவர்கள் தாளிலும் அதே 1,800. அவர்கள் எண்ணிக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வராத தயக்கம் எனக்கு அங்கே வந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும்.

பணி நிறைவு (வங்கி, 34 ஆண்டு)

பள்ளத்தூர் தம்பி வருத்தப்படக் கூடாது. தவறு கடைக்காரரிடம் மட்டும் இல்லை. நாளைக் குறித்துவிட்டு விலை பேசினால், அந்த நாள் எதிராளி கைக்குப் போய்விடுகிறது. விலை முடிந்து, முழுத் தொகையும் தாளில் வந்த பிறகுதான் பஞ்சாங்கத்தைப் பிரிக்க வேண்டும்.

என் அனுபவம் சிறியது. 2019இல் வண்டி எடுக்கப் போனபோது, தயாரிப்பாளர் வண்டிக்குத் தரும் சான்றான படிவம் 22ஐக் கேட்டேன். தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். எனக்கு ஒதுக்கிய வண்டி ஒன்பது மாதம் வெயிலில் நின்றது. அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பேசினேன், 30,000 குறைந்தது. அவ்வளவுதான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. "என்ன தள்ளுபடி தருவீர்கள்?" என்று தொடங்காதீர்கள். சாலையில் இறங்கும் விலை மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். காரைக்குடியில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று, மதுரையிலோ திருச்சியிலோ ஒன்று என மூன்று தாள் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி எங்கும் ஒன்றே. மூன்றாம் நபர் காப்பீடும் (நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) ஒன்றே: 1000 முதல் 1500 சிசி வரையுள்ள புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கு 10,640, ஜிஎஸ்டி தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதில் ஒரு ரூபாய் மாறாது. சொந்தச் சேதக் காப்பீட்டுப் பகுதியில்தான் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ஏறுகிறது. அதைக் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கையாளும் கட்டணம் என்பது அரசுக் கட்டணம் எதுவும் அல்ல. எந்த அலுவலக ரசீது என்று கேட்டால் பதில் வராது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. 2023 நவம்பரிலிருந்து நம் மாநிலத்தில் காருக்கு ஆயுள் வரி ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம்தான் வித்தியாசம், வரியில் 53,100. கூரையில் ஒரு கண்ணாடி இருக்கிறது, கூடுதல் திரை இருக்கிறது என்று மேல் ரகத்துக்குத் தள்ளும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து லட்சம் தாண்டினால் 1 சதவீதம் வருமான வரி வேறு பிடிப்பார்கள். அது உங்கள் கணக்கில்தான் சேரும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், விட்டுவிடாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல்

பணி நிறைவு ஐயா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் நாள் பார்க்கிறவன் மீது குறை சொல்வதை ஏற்க மாட்டேன். நாள் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதைத் தெரிந்துகொண்டு, அதைப் பிடித்து இழுக்கிறவன் செய்வதுதான் பிழை. பள்ளத்தூர் அண்ணன் திங்கட்கிழமையே சொல்லியும் மீறிப் போட்டார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எனக்கு நடந்தது கடனில். ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிப் போக ஒரு சின்ன லோடு வண்டி. கண்ணாடித் தட்டில் வார்த்து எடுக்கிற கல், வாடகை வண்டியில் அனுப்பினால் முனை உடைந்து திரும்பி வருகிறது. சொந்த வண்டி வேண்டும் என்று முடிவு செய்தோம். கடையிலேயே ஃபைனான்ஸ்காரர் மேசை போட்டிருந்தார். ஐந்து லட்சம், ஐந்து ஆண்டு, வட்டி வெறும் 7 சதவீதம், மாதம் 11,250. வங்கியில் 10 சதவீதம் சொன்னார்கள். ஏழு குறைவுதானே என்று நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டு ஐயா (தாத்தா) கூட வந்திருந்தார். எண்பத்தைந்து வயது. அவருடைய அப்பச்சி பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (முகவருக்கு அடுத்த உதவியாளராக) இருந்தவர். சோற்றோடு வட்டிக் கணக்கும் ஊட்டி வளர்த்த வீடு. ஐயாவுக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் சற்றுச் சத்தமாகவே கேட்டார்: "தம்பி, மாசா மாசம் அசல் குறையுதே. வட்டியும் கூடவே குறையுமா, குறையாதா?"

அந்த மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்தார். ஐயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. ஐயா என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடியைப் போட்டார்.

வீட்டில் வந்து போட்டுப் பார்த்தோம். முழு அசலுக்கும் கடைசி வரை போடுகிற 7 சதவீதம், குறையும் அசல் கணக்கில் 12.5 சதவீதத்துக்குச் சமம். வங்கியின் 10 சதவீதத்தில் மாதம் 10,624தான். அறுபது மாதத்தில் 37,560 ரூபாய் மிச்சம்.

முன்பு விற்பனையில்

ஆறு ஆண்டு கார் விற்றேன், இரண்டு ஆண்டுக்கு முன் விட்டுவிட்டேன். பள்ளத்தூர் அண்ணே, நீங்கள் குறைத்த 18,000 எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்கிறேன். வண்டியில் கடைக்குக் கிடைக்கும் லாபம் மெலிது. இன்சூரன்ஸிலும், உறை, மிதியடி, பூச்சு என்று போடுகிற பொருள்களிலும்தான் கடை நிமிர்கிறது. விற்கிற பையனுக்கும் அதில்தான் ஊக்கத்தொகை. மாதக் கடைசி மூன்று நாளில் இலக்கு எட்டவில்லை என்றால் எங்களை நிற்க வைத்துக் கேட்பார்கள். இதைச் சொல்வது நியாயப்படுத்த அல்ல. அந்தக் கடிகாரத்தைப் பார்த்த தம்பிக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

கல்லல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். மகளுக்குப் பிரசவமாகியிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வர ஒரு கார் வேண்டும் என்றார். மஞ்சள் பையில் பணத்தோடு வந்துவிட்டார். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்று சொன்னேன். கோபப்படவில்லை. மறுநாள் வங்கிக்குப் போய்க் கட்டிவிட்டு ரசீதோடு வந்தார்.

அந்த மாதம் நிறுவனமே கொடுத்த சலுகை 25,000 இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கழித்தோம். அவர் கேட்கவில்லை. "நீங்கள் சரியாகத்தான் தம்பி சொல்வீர்கள்" என்றார். நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். நான் முழு விலையைச் சொன்னேன்.

சாவியை வாங்கிக்கொண்டு அவர் அந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து என் மேசையில் வைத்தார். தன் தோட்டத்தில் காய்த்தது என்றார். இரண்டு பழம் பழுத்திருந்தது, மற்றது காய்வாட்டு. அது பழுத்து முடியும் வரை என் மேசையில்தான் இருந்தது. என்னால் ஒன்றுகூடச் சாப்பிட முடியவில்லை.

கண்டனூர் மருமகன்

சுருக்கமாக. 2025 ஆகஸ்டில் சிறிய பெட்ரோல் கார் முன்பதிவு செய்தேன், ஷோரூம் விலை 6,45,000. செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பு வந்தது, 22 முதல் நடைமுறை. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, 1200 சிசி வரையுள்ள பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் 1 சதவீதக் கூடுதல் வரியும் போய், 18 மட்டும். அடுத்த வாரம் முழுவதும் கடையிலிருந்து போன். "22ஆம் தேதி நவராத்திரி தொடங்குகிறது, அப்புறம் கூட்டத்தில் வண்டி கிடைக்காது, இப்போதே எடுத்துவிடுங்கள்." பழைய வரியில் வந்த வண்டி, விலை குறையாது என்றும் ஒருவர் சொன்னார். பில் போடும் தேதிக்கு என்ன வரியோ அதுதான் என் வரி என்று ஒரே பதிலைச் சொன்னேன். மாமனார் வீட்டில் எல்லோரும் எடுத்துவிடு என்றார்கள். ஏழாவது போனுக்குப் பிறகு நானே ஆடிப்போனேன், உண்மை. 24ஆம் தேதி பில்லில் 5,90,000 என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

முன்பு விற்பனையில் இருந்தவருக்கு: அந்தப் பெரியவரின் முகவரி கடைப் பதிவில் இருக்குமே. ஒரு முறை போய்ப் பார்க்கலாமே.

முன்பு விற்பனையில்

ஊர் தெரியும். இரண்டு முறை கல்லல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

பள்ளத்தூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. பணி நிறைவு ஐயா, நாளைக் குறித்தது ஆத்தா. அவரை நான் மாற்றச் சொல்லவே மாட்டேன். ஆனால் மூன்று தாள் யோசனையைத் தங்கைக்கு வண்டி எடுக்கும்போது செய்வேன்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. வண்டி எடுத்த மறுவாரம் தயாரிப்பு நிறுவனத்துக்குப் பில்லின் நகலோடு மின்னஞ்சல் எழுதினேன். கையாளும் கட்டணம் எதற்கு என்று ஒரே கேள்வி. பத்தொன்பது நாள் கழித்து 6,500 ரூபாய் என் கணக்கில் வந்துவிட்டது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. மற்றது வரவில்லை.

அப்பச்சி இன்னும் கையால் பேரேடு எழுதுகிறவர். அன்று பிள்ளையார்பட்டியிலிருந்து திரும்பும் வழியில் "மொத்தம் எவ்வளவு ஆனது?" என்று கேட்டார். மனம் நோகும் என்று, கடைசி நிமிடத்தில் ஏறியதை விட்டுவிட்டுப் பழைய தொகையைச் சொன்னேன். அதுதான் வண்டிக் கணக்கில் ஏறியிருக்கிறது. இப்போது இந்த 6,500ஐ வரவு வைக்க வேண்டும் என்றால், முதலில் அந்தச் செலவைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். பில்லையும் எடுத்து வைத்திருக்கிறேன்.