ஒன்பது மணி நேரம் நின்றும் குனிய மறந்துவிட்டேன்: ராணி எலிசபெத்தை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லூயிஷம் செவிலி

ராணி இறந்ததும் மக்கள் அஞ்சலிக்காக அவர் உடல் இருந்த பெட்டியை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் வைத்திருந்தார்கள், பார்க்க வரிசையில் போனேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 15, வியாழன் இரவு. பெர்மண்ட்ஸி பக்கம் வரிசையின் வாலைப் பிடித்தபோது மணி ஏழரை. மணிக்கட்டில் எண் போட்ட பட்டையைக் கட்டிவிட்டார்கள். அப்புறம் தேம்ஸ் ஓரமாகவே நடை. கடைசியில் பாராளுமன்றத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளைத்து வளைத்து விட்டார்களே, என் கால் அங்கேதான் செத்தது. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தில் மிச்சத்தையும் தண்ணீரையும் சோதனைக்கு முன்னால் விட்டுவிட வேண்டியதாயிற்று.

வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்குள் படியிறங்கும்போது கல்தரையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். காவல் மாறும் நேரம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாறுவார்கள், அதுவரை யாரும் நகரக்கூடாது. படியிலேயே நின்று பார்க்கக் கிடைத்தது. பெட்டிமேல் கொடி, அதன்மேல் ஊதா மெத்தையில் கிரீடம். மூலையில் நின்ற காவலருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. கரடித்தோல் தொப்பிக்குள்ளிருந்து ஒரு வியர்வைத் துளி கன்னத்தில் இறங்கித் தாடையில் வந்து நின்றது. அந்தப் பையனால் அதைத் துடைக்க முடியாது. பல வருடம் நோயாளிகளின் முகம் துடைத்த கை இது, பரபரவென்று வந்தது எனக்கு. நகரச் சொன்னார்கள். நாலு எட்டு வைத்தேன், அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு. அடுத்து நினைவு வந்தபோது வெளியே குளிர்காற்றில் நிற்கிறேன். குனியவில்லை, கும்பிடவில்லை, ஒன்றும் செய்யவில்லை.

நான் போனதே ஒரு படத்தைப் பார்த்துத்தான். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 6, பால்மோரலில் புதுப் பிரதமரை நின்றபடி வரவேற்கிறார். அவருடைய பதினைந்தாவது பிரதமர். கைமேல் கருநீலம் பாய்ந்திருந்தது. வயதானவர்கள் கையில் அப்படி நீலம் பாய்வதை வார்டில் தினமும் பார்க்கிறேன். அந்தக் கையோடும் வேலையை முடித்துவிட்டுப் போனார். அவருக்குத் தலையைக்கூடத் தாழ்த்தாமல் வந்துவிட்டேனே என்று இன்றும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

தரமணி 97

அக்கா, எனக்கு நேர் எதிராக நடந்தது. 1997 அக்டோபர் 16, சென்னை. மருதநாயகம் படத்தின் தொடக்க விழாவுக்குத் திரைப்பட நகருக்கு வந்தார். நான் கல்லூரி மாணவன், தரமணிச் சாலையோரக் கூட்டத்தில் நின்றேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் அமிர்தசரசில், ஜாலியன்வாலா பாக்கில், மலர்வளையம் வைத்துத் தலை குனிந்து நின்றிருந்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. 1919 ஏப்ரல் 13 அன்று அங்கே செத்தவர்கள் பிரிட்டிஷ் அரசின் கணக்குப்படியே 379 பேர். மருதநாயகமும் 1764-இல் மதுரையில் கம்பெனிக்காரர்களும் நவாபும் சேர்ந்து தூக்கிலிட்ட மனிதர். அவருடைய கதைக்கு இவர் விருந்தாளியா என்று கொதிப்போடு நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

கார் மெதுவாக வந்தது. கண்ணாடிக்கு உள்ளே கையுறை போட்ட கை, மணிக்கட்டு மட்டும் திரும்புகிறது. என் கை தானாக மேலே போய்விட்டது. டாட்டா காட்டினேன். பக்கத்தில் நின்ற நண்பன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் குனியாததற்கு வருந்துகிறீர்கள். நான் அன்று கையசைத்ததற்கு வருந்திக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து வருந்தாதீர்கள். தலை வணங்க வேண்டிய கடன் நமக்கு இல்லை. எழுபது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

மெர்தர் மருத்துவர் (ஓய்வு)

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வாக்கியத்தை அவர் நினைத்தபடி சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுப் பயணத்தில் அவர் பேசுவது அமைச்சர்களின் ஆலோசனைப்படி. மன்னிப்புக் கேட்க வேண்டியது அரசாங்கம். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

நான் தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்கில் வேலை பார்த்தவன். அபர்ஃபான் எங்கள் பக்கத்து ஊர். 1966 அக்டோபர் 21 காலை நிலக்கரிக் கழிவுமலை சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 144 பேர் போனார்கள், அதில் 116 குழந்தைகள். ராணி எட்டு நாள் கழித்துத்தான் வந்தார். ‘அபர்ஃபானில் எஞ்சியிருக்கும் குழந்தைகளிடமிருந்து’ என்று எழுதிய பூச்செண்டை ஒரு சின்னப் பெண் அவர் கையில் கொடுத்தாள். தாமதமாகப் போனதற்காக அவர் பின்னால் வருந்தியதாக அவருடைய முன்னாள் தனிச்செயலரே சொல்லியிருக்கிறார்.

நான் பார்த்தது 1997-இல். மறுபடி வந்து, பள்ளி இருந்த இடத்து நினைவுத் தோட்டத்தில் மரம் நட்டார். என் நோயாளி ஒரு அம்மா, மகனை அந்தப் பள்ளியில் பறிகொடுத்தவர், என் பக்கத்தில் நின்றார். ராணி குனிந்து மண் போட்ட அந்த நேரம், அந்த அம்மா என் கோட்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் பதிந்த சுருக்கம் மாலைவரை போகவில்லை. ‘முதல் தடவை லேட்டாக வந்தார், ஆனால் நிறுத்தாமல் வருகிறார்’ என்றார். 2012-இல் புதுப் பள்ளியைத் திறக்க ராணி வந்தபோது அந்த அம்மா உயிரோடு இல்லை.

ஒன்றை அந்த அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை: அந்த எட்டு நாளை மன்னித்துவிட்டாரா என்று.

எடின்பரோ ஐடி

என்னுடையது சின்னது. 2015 செப்டம்பர் 9. விக்டோரியா ராணியின் 63 வருட ஆட்சிக் கணக்கை எலிசபெத் தாண்டிய நாள். அன்றைக்கு இங்கே புது ரயில் பாதையைத் திறந்துவைக்க நீராவி வண்டியில் போனார். அலுவலகத்தில் சொல்லாமல் ஓடிப்போய்ப் பாலத்துமேல் நின்றேன். புகைதான் முதலில் வந்தது. முகம் தெரியவில்லை, ஜன்னல் ஓரம் ஒரு தொப்பி மட்டும். சாதனையைப் பற்றி, இது தான் ஆசைப்பட்டுத் தேடியதல்ல, நீண்ட வாழ்க்கையில் மைல்கல் பல வரத்தான் செய்யும் என்கிற மாதிரிப் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பார்த்தது ராணியையா, கூடவந்த வேறு யாரையாவதா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஸ்லௌ பெரியவர்

விண்ட்சர் பூங்காவில் ஒருமுறை அவரே லேண்ட்ரோவர் ஓட்டிப் போனதைப் பார்த்தேன். தலையில் ஸ்கார்ஃப், இரண்டு கையும் ஸ்டியரிங்மேல். 1945-இல் போர்க்காலத்துப் பெண்கள் படையில் லாரி ஓட்டவும் எஞ்சின் பிரிக்கவும் கற்றவர் அல்லவா, கியர் மாற்றியதில் அது தெரிந்தது. அவ்வளவுதான் என் கதை.

லூயிஷம் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியது வேறு. குனியாததை நினைத்து இவ்வளவு நாள் ஏன் கலங்க வேண்டும்? விண்ட்சர் கோட்டைக்குப் போங்கள். புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குள் ஆறாம் ஜார்ஜ் பெயரில் ஒரு சின்ன அறை இருக்கிறது. தரையில் கறுப்புக் கல். அப்பா, அம்மா, நடுவில் ஒரு நட்சத்திரம், அதன்கீழ் எலிசபெத் 1926–2022, பிலிப் 1921–2021. அங்கே யாரும் விரட்ட மாட்டார்கள், ஆனால் பின்னால் ஆள் நிற்பார்கள், அதனால் திறந்த உடனே போய்விடுங்கள். செவ்வாய், புதன் கோட்டை திறக்காது. ஞாயிறு கோட்டை உண்டு, தேவாலயம் பார்வையாளருக்குக் கிடையாது, தெரியாமல் போய் ஏமாந்தவர்கள் ஏராளம். டிக்கெட்டை முன்பே எடுங்கள். பெரிய பை வேண்டாம், சோதனை விமான நிலையம் மாதிரி. ரயில் நிலையத்திலிருந்து மேடு ஏற வேண்டும், செவிலிமாருக்கு முட்டிவலி சகஜம், மெத்தென்ற செருப்புப் போடுங்கள். மதியச் சாப்பாட்டைக் கோட்டை வாசலில் வாங்காமல் ஆற்றுப்பக்கம் இறங்கிப் போனால் விலை குறையும். குனிவதற்கு விதி எதுவும் இல்லை, கழுத்தை மட்டும் தாழ்த்தினால் போதும். கும்பிட்டாலும் தப்பில்லை.

கொழும்பு–ஹாரோ

மேலே கடன் இல்லை என்று எழுதிய தம்பிக்கு என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

1954 ஏப்ரலில் ராணி இலங்கைக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. பள்ளிப் பிள்ளைகளோடு கொழும்புத் தெருவில் கொடி பிடித்து நின்றா. முடிசூட்டு விழாவுக்கு உடுத்த உடுப்பையே போட்டுக்கொண்டு ராணி அங்கே பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். அந்த உடுப்பில் இலங்கைக்காக ஒரு தாமரையும் தைத்திருந்தது. அது அம்மாவின் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய பெருமை. 1972 மே 22, குடியரசு ஆகும்வரை அவர் எங்கள் நாட்டின் ராணிதான், சட்டப்படியே. பிறகு 83 கலவரம். அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தா. 2005-இல் நகர மண்டபத்தில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தபோது சுவரில் அதே முகம். ‘பிறந்த இடத்திலயும் இவ, ஒதுங்கின இடத்திலயும் இவ’ என்று வீட்டுக்கு வந்து சொன்னா. கடனோ உறவோ, எப்படிப் பேர் வைப்பது என்று எனக்குத் தெரியாது.

2022-இல் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் தொடங்கிய, நடக்க முடியாதவர்களுக்கான வரிசையில் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பெட்டிக்கு நேரே வந்ததும் அம்மா, பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்வதுபோல, குரலைத் தாழ்த்தாமல், ‘சரி, அப்ப போயிட்டு வாங்கோ’ என்றா. நாலு பேர் திரும்பினார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ‘உஷ்’ என்று அதட்டி நாற்காலியைத் தள்ளிவிட்டேன். வீடு வரும்வரை அம்மா கதைக்கவில்லை.

அந்த ‘உஷ்’ஷைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

தரமணி 97

ஹாரோ அண்ணா, உங்கள் அம்மாவுக்கு இருந்த உறவு எனக்கு இல்லை. அவர் சொன்னது சரிதான், நீங்கள் அதட்டியிருக்க வேண்டாம். டாக்டர் ஐயாவுக்கு: அமைச்சர்கள் எழுதிக் கொடுத்ததை வாசிப்பவர் என்றால், அபர்ஃபான் புண்ணியத்தை மட்டும் அவர் கணக்கில் எழுதுவது எப்படி? இதில் நான் மாறமாட்டேன். ஆனால் அந்த அம்மா உங்கள் கோட்டைப் பிடித்ததை இரண்டு தடவை வாசித்தேன்.

லூயிஷம் செவிலி

எல்லாருக்கும் நன்றி. கொழும்பு அண்ணா, அம்மாவிடம் இதை எழுதியதைச் சொல்லுங்கள். ஸ்லௌ ஐயா, அடுத்த வியாழன் எனக்கு விடுமுறை, டிக்கெட் எடுத்துவிட்டேன். ரயில் எங்கே மாற வேண்டும்?

ஸ்லௌ பெரியவர்

பாடிங்டன் வழி வந்தால் எங்கள் ஊரில் மாற வேண்டும். உங்களுக்கு வாட்டர்லூதான் பக்கம், அங்கிருந்து நேர் வண்டி இருக்கிறது. குடை எடுத்துக்கொள்ளுங்கள்.