பத்து பிசி போட்டும் லாம்டா 1.2: எங்கே தப்பு?

கச்சான்:
வணக்கம். சர்க்கரை நோய்க்கு மரபணுத் தொடர்பு ஆய்வு செய்கிறேன், ஏறக்குறைய 900 பேர். பாதி பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி முகாம்களில் எடுத்தது. மீதி கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம். பிளிங்க் மென்பொருளில் லாஜிஸ்டிக் (நோய் உண்டா, இல்லையா என்பதற்கான மாடல்) ஓட்டி, வயது, பாலினம், முதல் 10 பிசி (மரபணு வேறுபாட்டின் முக்கிய அச்சுகள்) எல்லாம் சேர்த்தாயிற்று. லாம்டா (முடிவுகள் எவ்வளவு வீங்கியிருக்கின்றன என்ற அளவு, 1க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்) 1.2ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. 20 பிசி போட்டும் அப்படியேதான். பிசி1 படத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகள் மட்டும் ஓரமாகத் தனியே நிற்கின்றன. எச்டபிள்யூஇ (ஹார்டி-வெயின்பெர்க் சமநிலை, மரபணு வகைகள் எதிர்பார்த்த விகிதத்தில் உள்ளனவா என்ற சோதனை) வடிகட்டியில் வேறு ஏகப்பட்ட எஸ்என்பி (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறும் இடம்) போய்விட்டது. அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும்.

வாடைக்காற்று:
தம்பி, அந்தப் புள்ளிகள் யார் யார் என்று முகாம் நோட்டை எடுத்துப் பாருங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற ஊர்களில் பிசி1 வம்சாவளியைக் காட்டாது, ஒரு வகையறாவைக் காட்டும். முதலில் கிங் மென்பொருளை ஓட்டி கின்ஷிப் (இருவர் எவ்வளவு நெருங்கிய உறவு என்ற எண்) எடுங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்றால் 0.0625 வர வேண்டும். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் 0.125. பெற்றோரே உறவு என்றால் இதைவிடக் கூடும்.

அப்புறம் பிசி-ஏர் என்ற முறை. உறவில்லாதவர்களை வைத்து மட்டும் பிசி கணக்கிட்டு, உறவினரை அதன் மேல் பொருத்தும். ஆனால் பிசி எத்தனை போட்டாலும் உறவு போகாது. அதற்கு உறவையும் கணக்கில் எடுக்கும் கலப்பு மாடல்தான் வேண்டும், செய்ஜ் மென்பொருள் போதும். 900 பேரை வைத்துக்கொண்டு, லாம்டா கூடியதற்குப் பாலிஜெனிக் (பல மரபணுக்களின் சிறு விளைவுகள் சேர்ந்தது) என்று சாக்குச் சொல்லவும் முடியாது.

எச்டபிள்யூஇ சோதனையை எல்லாரையும் ஒன்றாகப் போட்டா செய்தீர்கள்? இரண்டு குழுவைக் கலந்தாலே ஹோமோசைகோட் (இரு பிரதியிலும் ஒரே எழுத்து உள்ளவர்கள்) கூடும், உறவுத் திருமணமும் அதையே செய்யும். நல்ல எஸ்என்பியைத்தான் தூக்கி எறிந்திருக்கிறீர்கள். ஒரே குழுவில், உறவில்லாத, நோயில்லாதவர்களில் மட்டும் பாருங்கள்.

கச்சான்:
பார்த்தேன் அக்கா. ஓரத்தில் நிற்பவர்கள் எல்லாரும் பாம்பனில் ஒரே வகையறா. படிவத்தில் ‘உறவினர் இல்லை’ என்று டிக் போட்டது நானேதான். செய்ஜ் ஓட்டியதில் லாம்டா இறங்கியது, முழுக்க இல்லை.

உப்பளம்:
நடுவில் ஒரு கேள்வி. நோயாளிகள் எந்தப் பக்கம் அதிகம்?

கச்சான்:
முக்கால்வாசி கடலோரம் அண்ணே. நோயில்லாதவர்கள் பெரும்பாலும் கமுதி. மரபணு சிப் ஓட்டியதும் இரு பக்கத்துக்கும் தனித்தனி பேட்ச் (தொகுதி).

உப்பளம்:
இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! நோய், ஊர், பேட்ச் மூன்றும் இப்படி ஒட்டிக்கிடந்தால் எந்த மாடலாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக ஓட்டி, பிறகு இரண்டு முடிவையும் சேர்த்து மெட்டா செய்யுங்கள். கமுதியில் நோயாளிகள் போதாவிட்டால் அந்தப் பக்கம் தேறாது, இன்னும் எடுக்கத்தான் வேண்டும்.

டிசிஎஃப்7எல்2 மரபணுவின் ஆர்எஸ்7903146ஐயும் பாருங்கள். சர்க்கரை நோயோடு தொடர்புள்ள எஸ்என்பி என்று ஐரோப்பியரில் தெரிந்தது, தெற்காசியரிலும் நிற்பது. திசை (நோயைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா) சரியா என்று மட்டும் பாருங்கள். 900 பேரில் 5×10⁻⁸ என்ற பி-மதிப்பு எல்லையைத் தொடாது. மற்ற ஐரோப்பிய எஸ்என்பி இங்கே பேசாவிட்டால் உடனே ‘தொடர்பு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அது உண்மைக் காரணத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வெறும் அடையாள எஸ்என்பியாக இருக்கலாம். எல்டி (பக்கத்து எஸ்என்பிகள் சேர்ந்தே வரும் போக்கு) மாறினால் அடையாளமும் மாறும். சுற்றியுள்ள பகுதி முழுக்கப் பாருங்கள்.

கச்சான்:
சரி அண்ணே. கைடிடம் இப்படியே சொல்லிவிடுகிறேன். பொங்கல் கழித்து கமுதியில் இன்னொரு முகாம் போடலாம்.

வாடைக்காற்று:
போகும்போது படிவத்தில் அப்பா ஊர், அம்மா ஊர் இரண்டுக்கும் தனிக் கட்டம் போட்டுக்கொண்டு போங்கள். உறவு உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள். யார் வீட்டில் பெண் எடுத்தீர்கள் என்று கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வார்கள்.