புதுப்பிப்பு: பூட் டிரைவ் ஜிபிடிக்கு மாறிவிட்டது, தரவு அப்படியே இருக்கிறது

விண்டோஸ் 11-க்கு மேம்படுத்துவதற்கு முன் என் பழைய கணினியின் பூட் டிரைவை (விண்டோஸ் தொடங்கும் வட்டை) எம்பிஆர் என்ற பழைய வட்டுப் பிரிப்பு முறையிலிருந்து ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற முயன்றபோது, அதற்காக விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி சரிபார்ப்புக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. மூன்று முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு (வட்டின் பிரிவுகளுக்கு) மேல் இருந்தால் இக்கருவி வட்டை ஏற்காது. என் வட்டிலோ, கணினியோடு வந்த ரெக்கவரி பார்ட்டிஷனையும் சேர்த்து நான்கு இருந்தன.

முழு வட்டையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இமேஜாக (முழு நகலாக) எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்தும் பார்த்த பிறகே ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கினேன். இந்தப் படியை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வட்டைக் குறியாக்கம் செய்து பாதுகாக்கும் பிட்லாக்கரையும் தற்காலிகமாக நிறுத்திவைத்தேன். அதன்பின் சரிபார்ப்பு வெற்றி பெற்றது; மாற்றமும் சில நிமிடங்களில் முடிந்தது.

மறுதொடக்கம் செய்ததும், பூட் சாதனம் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரி கருந்திரையில் தோன்றியபோது நெஞ்சு பதறிவிட்டது. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் இன்னும் லெகசி என்ற பழைய முறையிலேயே இருந்ததுதான் காரணம்: பயாஸ் அமைப்புகளில் சிஎஸ்எம்மை (பழைய முறைக்கான ஆதரவை) அணைத்து, ஜிபிடி வட்டிலிருந்து விண்டோஸைத் தொடங்கும் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு நாமேதான் மாற்ற வேண்டும், கருவி அதைச் செய்வதில்லை. மாற்றியவுடன் விண்டோஸ் 10 வழக்கம்போல் திறந்தது. நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட்டையும் இயக்கிவிட்டேன். இன்றிரவு மேம்படுத்தலைத் தொடங்குகிறேன்.