பதில்: அக்டோபர் 31 குடும்ப விழா – தேதியையும் இடத்தையும் மாத்துங்க

எல்லாருக்கும் வணக்கம்.

இலங்கையில நம்ம தேயிலைத் தோட்டத்துக் கிறவுண்டுல அக்டோபர் 31 குடும்ப விழா வைக்கலாம், முகம் வெட்டின பூசணிக்காயும் வைக்கலாம்னு, டொரொண்டோத் தம்பி ஆளுக்கு 50 டொலர் கேட்டு எழுதினதை வாசிச்சேன். காசு தர்றேன், அதுல பேச்சில்ல. தேதியும் இடமுந்தான் சரியில்ல.

தங்கச்சி பெரியம்மாவைப் பாக்க மேல்கணக்குக்கு, அதான் தோட்டத்து மேல் பிரிவுக்கு, போயிட்டு வந்திருக்கா. கிறவுண்டுக்கு மேல, கொழுந்து நிறுக்குற பழைய மடுவத்துக்குப் பின்னால இருக்குற மண்மேட்டுல வெடிப்பு ஓடியிருக்காம். குடையை விட்டுப் பாத்தா, பிடி வரைக்கும் உள்ள போச்சாம். கீழ பீலியில விழுற ஊத்துத் தண்ணி மழையில்லாத நாள்லயும் கலங்கி வருதாம். வெடிப்பு விடுறது, மரம் சாயுறது, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்குறது, இல்லாட்டி நின்னுபோறது, இதைத்தான் மண்சரிவுக்கு அடையாளமாக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருசா வருசம் சொல்லுது. அந்த மேட்டுக்குக் கீழயா பிள்ளைங்களைச் சாக்கு ஓட்டம் ஓட விடப்போறீங்க?

பதுளைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்துல மண் சரிஞ்சது 2014 அக்டோபர் 29, காலையில. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைங்க பல பேர் தப்பிச்சுது, வீட்டுல இருந்த தாய் தகப்பன் போயிட்டாங்க. அங்கயும் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தாங்க.

தம்பிக்கு அது இலை உதிர்ற காலம், பூசணிக்காய்க் காலம். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை அடைமழை. அந்த ரெண்டு மாசமும் பகல் திரும்பினா இடியும் மழையுந்தான், நீங்க பின்னேரம் மூணு மணின்னு போட்டிருக்கீங்க. 31 சனிக்கிழமை வேற, பெரட்டு உண்டு, வேலைக்குப் போகணும். ஒரு பேர் போனா ஒரு நாள் சம்பளம் போச்சு. அதுக்கு அடுத்த வார ஞாயிறு, நவம்பர் 8, தீபாவளி. பொம்பளைங்க சுண்ணாம்பு அடிக்கிறதா, முறுக்குப் புழியிறதா, நம்ம விழாவுக்கு வர்றதா?

அக்டோபர் 1 சிறுவர் தினமும் முதியோர் தினமும். அதை ஒட்டி 4ஆம் தேதி ஞாயித்துக்கிழமை, காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூட மண்டபத்துல வைங்க. மதியச் சோத்தோட முடிச்சிரலாம். கயிறிழுக்கிறது, தேசிக்காய்க் கரண்டி, சங்கீதக் கதிரை, யானைக்குக் கண் வைக்கிறது எல்லாம் அங்கயே நடத்தலாம். பணிஸ், அதான் பன், போட்டி கட்டாயம் வேணும். கையைப் பின்னால கட்டி, நூல்ல தொங்குற பணிஸை வாயால கவ்வணும். சீனிச் சம்பல் வச்ச பணிஸா இருந்தா மூக்கு, கன்னம், சட்டை எல்லாம் சம்பல். கிழவிங்களுக்கு வெத்தலை பாக்கு மறக்காதீங்க. முகம் வெட்டின பூசணிக்காயை அம்மாயி கையில குடுத்தா, திருஷ்டி சுத்தி முச்சந்தியில போட்டு உடைச்சிரும்.

– ஆறாம் நம்பர் லயத்து அக்கா, தோஹா

*

அக்கா சொல்வது நியாயம். அதற்கு முன்னால் ஒன்று. தண்ணீர் டாங்கிக்குச் சேர்த்த பணத்தின் கணக்கு இன்னும் மடலில் வரவில்லை. சிமெந்துப் பற்றுச்சீட்டு ஒன்றுதான் வந்தது, அதிலும் தேதி இல்லை. மீதி யார் கையில்? சிறிய தொகைதான் என்று சொல்லாதீர்கள். தோட்டத்தில் தினமும் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிற செக்ரோலில் அரைப் பேர், அதாவது அரை நாள் வேலை, விடுபட்டாலே நம் அப்பாமார் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். கணக்கு வரட்டும், என் பங்கு அன்றைக்கே வரும்.

– ஸ்டோர் வீட்டு அண்ணன், லண்டன்

*

அண்ணன் யாரைச் சொல்றார்னு எல்லாருக்கும் தெரியும். மீதி மச்சான்கிட்ட இருக்கு, கேட்டா தருவார். கேக்குறவருக்குத்தான் மச்சானோட பேச்சு இல்லை. அவர் லண்டன் போன வருசம் பாஸ்போட் காசு எங்க வீட்டுல இருந்து போனதை நான் பேச்சுல எடுக்கல.

எனக்கு ஒரே கவலை. போன வருசம் கீழ்கணக்குக்காரங்க சவுண்ட் செட் போட்டு, பிள்ளைக்கொரு புத்தகப் பை குடுத்தாங்க. நாம பணிஸைத் தொங்கவிட்டா ஊர் சிரிக்காதா? பூசணிக்காய் வேணாம்னா விட்டுரலாம். பேனராவது பெரிசா வேணும்.

– டொரொண்டோ

*

தம்பி, பேனர் போடுங்க, நம்ம யாரு படமும் அதுல வேணாம். புத்தகப் பை ஜனவரியில குடுக்கலாம், அப்பதான் புது வகுப்பு. பாஸ்போட் கதையை அண்ணனும் நீங்களும் போன்ல தீத்துக்குங்க. டாங்கி மீதியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக் கணக்குல போட்டு, சீட்டைப் படம் எடுத்து இங்க அனுப்பச் சொல்லுங்க மச்சானை.

வெடிப்பைப் பத்தி ரெண்டு பேருமே ஒரு வரி எழுதல. தங்கச்சி எடுத்த படத்தை இதோட இணைச்சிருக்கேன். கிராம சேவகருக்கும் தோட்டத்துத் துரைக்கும் சங்கத்துப் பேர்ல கடிதம் போகணும், எழுதி வச்சிட்டேன். தலைவர் இந்த வாரத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுத் தரணும்.

– அக்கா