சி டிரைவ் வாரந்தோறும் நிரம்புகிறது: டெம்ப் கோப்புறையை முழுவதும் அழிக்கலாமா?

கேள்வி

வணக்கம். பாடக் காணொளிகளைத் தொகுக்கும் வேலைக்கு ஒரு மடிக்கணினியைப் பயன்படுத்தி வருகிறேன். அதன் நினைவகம் 16 ஜிபி. எஸ்எஸ்டி என்னும் சேமிப்பு வட்டை இரண்டாகப் பிரித்து, சி டிரைவுக்கு 120 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன். ஒரு மாதமாக அது அடிக்கடி நிரம்பிச் சிவப்புக் கோட்டைக் காட்டுகிறது. பயன்படுத்தாத நான்கு மென்பொருள்களை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து 20 ஜிபிக்கு மேல் மீட்டேன். ஒரே வாரத்தில் அத்தனையும் கரைந்து, நேற்று 2 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. ஐந்து நாட்களுக்கு முன்பு விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டெம்ப் கோப்புறையில் இருப்பதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். திறந்து பார்த்தால், பெயரை வைத்து எதையும் ஊகிக்க முடியாத ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன. விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒன்றும் 10 ஜிபிக்கு மேல் இடம்பிடித்திருக்கிறது. இவற்றுள் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. டெம்ப் கோப்புறையில் இருப்பவற்றை அழித்தால் விண்டோஸ் பழுதாகாது. ஒரு நிரல் தன் வேலைக்காக அங்கே எழுதி வைத்துக்கொள்ளும் கோப்புகளை, வேலை முடிந்ததும் தானே அழித்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அது அழிக்காமல் விட்டுச்சென்றவையே அங்கே குவிகின்றன.

ஆனால் "கண்ணை மூடிக்கொண்டு" என்பதை நான் ஏற்கமாட்டேன். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தனியாகச் சேமித்துக்கொள்ளாமல் அப்படியே திறந்து, அதில் திருத்தங்கள் செய்து, சேமிப்புப் பொத்தானை அழுத்துகிறோம். அந்தக் கோப்பு பல சமயங்களில் ஆவணங்கள் கோப்புறைக்குப் போவதில்லை. தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்திலேயே தங்கிவிடுகிறது. சுருக்கப்பட்ட ஜிப் தொகுப்புக்குள்ளிருந்து நேரடியாகத் திறக்கும் கோப்புகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. என்னுடன் பணிபுரியும் ஒருவர் மூன்று நாட்கள் உழைத்துத் திருத்திய அறிக்கையை இப்படித்தான் இழந்தார். கணினியைச் சுத்தம் செய்து கொடுத்தவன் நான். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. ஆகவே முதலில் கோப்புறையைத் தேதிவாரியாக அடுக்கி, அண்மைக் காலத்தில் மாறியவற்றுள் வேர்டு, எக்செல், பிடிஎஃப் கோப்புகள் ஏதேனும் கிடக்கின்றனவா என்று உள்கோப்புறைகளிலும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். சில நிறுவல் நிரல்கள், அடுத்த தொடக்கத்தின்போது தேவைப்படும் கோப்புகளை டெம்பில் விட்டு வைப்பது வழக்கம். மறுதொடக்கத்திற்கு முன்பே அழித்தால் அந்த நிறுவல் பாதியில் நின்றுவிடக்கூடும். மறுதொடக்கத்திற்குப் பின், வேறு எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன்பாக, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்ற சொல்லை ஆங்கிலத்தில், இருபுறமும் சதவீதக் குறியிட்டுத் தட்டச்சு செய்தால் உங்கள் பயனர் கணக்கின் டெம்ப் கோப்புறை திறக்கும். அங்கே அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டெலீட் விசையை அழுத்துங்கள். ஷிஃப்ட் இல்லாமல் அழித்தால் அவை அதே டிரைவில் உள்ள ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். இடம் ஒரு பைட்டும் கூடாது. பயன்பாட்டில் உள்ளதாகச் சொல்லும் கோப்புகளை வற்புறுத்தாமல் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். வின்எஸ்எக்ஸ்எஸ் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் அதைக் கையால் அழித்துக் கணினியையே மீண்டும் நிறுவ நேர்ந்தவர்களை நான் அறிவேன்.

அந்தக் கோப்புறை விண்டோஸின் கூறுகள் அனைத்தும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிடங்கு. விண்டோஸ் இயங்கத் தேவையான கோப்புகள் உள்ள சிஸ்டம்32 கோப்புறையில் நீங்கள் பார்க்கும் கோப்புகளில் பெரும்பாலானவை வின்எஸ்எக்ஸ்எஸ்ஸில் உள்ள அதே கோப்புகள்தாம். ஹார்டு லிங்க் என்னும் முறையால் வட்டில் ஒரே ஓர் இடத்தில் இருக்கும் கோப்பு இரண்டு பெயர்களில் தெரிகிறது. எக்ஸ்ப்ளோரர் இரண்டு இடத்திலும் அதை எண்ணிவிடுவதால், நீங்கள் கண்ட 10 ஜிபி உண்மையான அளவைவிடக் கூடுதலானது. அங்கே பழைய புதுப்பிப்புகளின் எச்சங்கள் இருப்பது உண்மைதான். அவற்றை டிஸ்க் கிளீனப் நிரலைத் திறந்து, சிஸ்டம் கோப்புகளைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தி, விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து நீக்குவதே சரியான வழி. விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் கோப்புறையையும் இதேபோலத் தொடாதீர்கள். அதை அழித்தால், நிறுவிய மென்பொருள்களைப் பின்னர் நீக்கவோ புதுப்பிக்கவோ முடியாமல் போகலாம்.

ஆனால் ஒரு வாரத்தில் 20 ஜிபி கரைகிறது என்றால், எதையும் அழிப்பதற்கு முன்பு அந்த இடம் எங்கே போகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். விஸ்ட்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை நிர்வாகி உரிமையுடன் இயக்கினால், எந்தக் கோப்புறை எத்தனை ஜிபி என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும். அதன் முடிவை இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விஸ்ட்ரீயை இயக்கிப் பார்த்தேன். என் பயனர் கணக்கின் டெம்பில் மட்டும் 27 ஜிபி இருக்கிறது. அதில் 25 ஜிபி, நான் பயன்படுத்தும் காணொளித் தொகுப்பு மென்பொருளின் பெயரில் உள்ள உள்கோப்புறை. விண்டோஸ்.ஓல்டு என்பது 18 ஜிபி, ஹைபர்ஃபில்.சிஸ் என்ற ஒற்றைக் கோப்பு 6 ஜிபிக்குச் சற்று மேல். அந்தத் தொகுப்பு மென்பொருள் அடிக்கடி உறைந்துபோவதால், டாஸ்க் மேனேஜர் வழியாக அதை வலிந்து மூடுவது என் வழக்கமாகிவிட்டது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

மறுமொழி 1

காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். தொகுப்பு மென்பொருள்கள் முன்னோட்டத்தைத் தடையின்றிக் காட்டுவதற்காகக் காணொளியின் இடைநிலை வடிவங்களை வட்டில் எழுதி வைக்கின்றன. முறையாக மூடும்போது அவற்றுள் தேவையற்றதை நீக்கிவிடுகின்றன. டாஸ்க் மேனேஜர் வழியாக மூடினால் அந்த நீக்கும் பகுதி இயங்க வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு முறை உறையும்போதும் சில ஜிபி அங்கேயே நின்றுவிடுகிறது. வட்டில் இடம் குறையக் குறைய மென்பொருள் இன்னும் எளிதில் உறையக்கூடும் என்பதால், இது ஒன்றையொன்று வளர்க்கும் சிக்கலாக மாறியிருக்கலாம். அந்த மென்பொருளின் அமைப்புகளில் இடைநிலைக் கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்கும் பகுதி இருக்கும். அதை டி டிரைவுக்கு மாற்றுங்கள். பழைய 25 ஜிபியை மென்பொருளை மூடிவிட்டு அழிக்கலாம். மூலக் காணொளிகளும் திட்டக் கோப்பும் அதற்குள் இல்லை என்பதை மட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விண்டோஸ்.ஓல்டு என்பது உங்கள் பழைய விண்டோஸ் 10. அதற்குத் திரும்பிச் செல்ல 10 நாள் அவகாசம் உண்டு. பிறகு விண்டோஸே அதை நீக்கிவிடும். புதிய பதிப்பில் உங்கள் மென்பொருள்கள் எல்லாம் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று தெரியும் வரை காத்திருப்பதையே நான் விரும்புவேன். ஹைபர்ஃபில்.சிஸ் என்பது, திறந்திருக்கும் வேலைகளை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதிக்கான கோப்பு. அந்த வசதியைப் பயன்படுத்தாதவர் அதை நிறுத்தி அந்த 6 ஜிபியைப் பெறலாம், ஆனால் விரைவுத் தொடக்கமும் அதனுடன் போய்விடும்.

இனி மாதம் ஒருமுறை செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், தற்காலிகக் கோப்புகள் என்று சென்று பார்த்தால் போதும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் இருக்கும். அதில் குறியிட்டுவிடாதீர்கள், நீங்கள் பதிவிறக்கிய அனைத்தும் போய்விடும்.

கேட்டவர்

டெம்பைத் தேதிவாரியாகப் பார்த்தபோது, ஒரு பாடத்திற்கான வினாத்தாளின் திருத்திய வடிவம் அங்கே கிடைத்தது. அது ஆவணங்கள் கோப்புறையில் இருப்பதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதை எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை அழித்தேன். தொகுப்பு மென்பொருளின் இடைநிலைக் கோப்புகளுக்கு டி டிரைவில் தனிக் கோப்புறை அமைத்துவிட்டேன். சி டிரைவில் இப்போது 28 ஜிபி காலியாக இருக்கிறது. விண்டோஸ்.ஓல்டைத் தொடவில்லை. பத்து நாட்கள் கழிந்ததும், இடம் மறுபடி குறைந்ததா இல்லையா என்பதை இங்கேயே வந்து தெரிவிக்கிறேன்.