வெளியிட முதல் செயலியை எப்படிச் சோதிப்பது? பதிவு செய்யும் இடத்தில் ஆக்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள்

கொக்குவில் கோடர்:
வணக்கம். எங்கள் செயலி அடுத்த கிழமை வெளிவர வேண்டும். நாங்கள் பாவித்துப் பார்த்தால் வடிவாக ஓடுகிறது, வெளி ஆக்களிடம் கொடுத்தால் கனபேர் பதிவு செய்யும்போதே விட்டுவிடுகிறார்கள், ஏனென்று கேட்டால் "சரிவரவில்லை" என்பதோடு சரி. கிராஷ் ஒன்றும் பதிவாகவில்லை. முழு ஃபிளோவையும் (திரைகளின் வரிசையையும்) ஆடிட் செய்ய யாரிடமாவது செக்லிஸ்ட் இருக்கிறதா? கெதியாகத் தேவை.

நல்லூரான்:
என்ன செயலி? ஆண்ட்ராய்டா, ஐபோனா? பாவிக்கப்போவது யார்?

சங்குவேலி டிசைனர்:
பட்டன் அளவை முதலில் பாருங்கள். கூகுள் சொல்வது 48 டிபி, ஆப்பிள் 44 பாயிண்ட் (இரண்டும் திரையில் அளக்கிற அலகுகள்), அதற்குக் குறைந்தால் பெருவிரல் பக்கத்துப் பட்டனில் படும். அடுத்தது, போன் செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுச் செயலியைத் திறவுங்கள். ஆண்ட்ராய்ட் 14 இல் 200 சதவீதம் வரை போகலாம். வயதான ஆக்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், அந்த அளவில் "தொடரவும்" பட்டன் கீபோர்டுக்குக் கீழே போய் ஒளிந்துவிடும். உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

பண்ணைப் பாலம்:
தம்பி, செக்லிஸ்ட் கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடிட், அதாவது நீங்களே திரை திரையாகப் பார்ப்பது வேறு, ஆக்களை வைத்துச் சோதிப்பது வேறு. பாவிக்க இலகுவான திரைகளைப் பற்றி ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனின் பத்து விதிகள் 1994 இலிருந்து இருக்கின்றன, முதலில் அதை வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு திரையிலும் நின்று பாவிக்கிறவரை நினைத்துக் கேளுங்கள்: இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா, அதற்கான பட்டன் கண்ணில் படுமா, அந்த அலுவலுக்கு அதுதான் பட்டன் என்று விளங்குமா, அழுத்தியபின் அலுவல் நடந்தது என்று தெரியுமா. "இல்லை" என்று வருகிற இடமெல்லாம் பிழை. அடிப்படை தெரியாமல் வெளியீட்டுத் திகதி குறிக்கிறீர்கள்.

கொக்குவில் கோடர்:
யாழ்ப்பாணம் - கொழும்பு இரவு பஸ்ஸுக்கு சீற் பதிவு செய்கிற செயலி. ஃபிளட்டரில் (செயலி எழுதுகிற கூகுளின் கருவி) செய்தது, இப்போதைக்கு ஆண்ட்ராய்ட் மட்டும். போன் இலக்கம், ஓடிபி, பெயர், அடையாள அட்டை, அதற்குப் பிறகு சீற், காசு.

மானிப்பாய் அக்கா:
அடையாள அட்டைப் பெட்டியில் இலக்கக் கீபோர்டு மட்டும்தான் வருகிறதா? 12 இலக்க அட்டை 2016 இல்தான் வந்தது. என் அம்மாவின் அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வீ எழுத்தும். இலக்கம் மட்டும் தட்டவிட்டால் அவரால் தாண்டவே ஏலாது. இன்னொன்று, இங்கே கனபேருக்கு சீற் போடுவது கனடாவில் இருக்கிற பிள்ளைகள். +94 இல்லாத இலக்கத்தை ஏற்குமா? ஏற்காவிட்டால் அம்மாவின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, ஓடிபி கேட்க நடுச்சாமத்தில் அவரைப் போனில் எழுப்ப வேண்டும். அதைவிட, சீற் இருக்கிறதா என்று பார்க்க முதலே ஏன் அடையாள அட்டை? காசு கட்டும் இடத்தில் கேட்டால் போதுமே.

நல்லூரான்:
ஐந்து பேரைப் பக்கத்தில் இருத்திச் செய்யவிட்டுப் பாருங்கள். ஐந்து பேரோடு 85 சதவீதப் பிரச்சினை பிடிபடும், நீல்சன் 2000 இல் எழுதியது.

பண்ணைப் பாலம்:
அந்தக் கணக்கு ஒரு ஆள் சராசரியாக 31 சதவீதப் பிரச்சினையைக் காட்டிக்கொடுப்பார் என்ற எடுகோளில் நிற்கிறது. எல்லா ஆக்களுக்கும் எல்லாச் செயலிக்கும் அது பொருந்தாது. முழுதாக வாசித்துவிட்டு எழுதுங்கள்.

நல்லூரான்:
அண்ணை, நான் முழுதாக வாசித்தேன். ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்றுதான் அதில் இருக்கிறது. ஒருவரையும் கூப்பிடாமல் நாலு கேள்வியோடு அறைக்குள் இருப்பதைவிட அது நல்லதுதானே?

பண்ணைப் பாலம்:
ஐந்து பேரும் கம்பஸ் பெடியள் என்றால் ஒன்றும் பிடிபடாது.

நல்லூரான்:
கம்பஸ் பெடியள் என்று யார் சொன்னது?

சாவகச்சேரி ரெஸ்ரர்:
இரண்டு பேரும் அதை வேறு இழையில் கதையுங்கள். தம்பி, எந்தத் திரையில் விடுகிறார்கள்? அவர்களின் போன் என்ன?

கொக்குவில் கோடர்:
ஓடிபி திரையில். ஓடிபி எஸ்எம்எஸ் போகிறது, அதை நாங்கள் செக் பண்ணினோம். போன்கள் பழையவை, 2 ஜிபி ராம் அளவில். எங்களிடம் இருப்பது புதுப் போன்.

சாவகச்சேரி ரெஸ்ரர்:
ஓடிபியைப் பார்க்க மெசேஜுக்குப் போகிறார்கள், அந்த நேரம் ராம் போதாமல் ஆண்ட்ராய்ட் பின்னால் உங்கள் செயலியை மூடிவிடுகிறது. திரும்பி வந்தால் மறுபடியும் போன் இலக்கம் கேட்கிற முதல் திரை. இலக்கத்தைத் திரும்பத் தட்டுவார், புது ஓடிபி வரும், பழையதைப் போடுவார், பிழை என்று காட்டும். கிராஷ் என்று எங்கும் பதிவாகாது. உங்கள் புதுப் போனிலேயே பார்க்கலாம்: டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" (வெளியே போனவுடன் செயலியின் திரையை மூடிவிடும்) என்பதைப் போட்டுவிட்டு, ஓடிபி திரையில் நின்று மெசேஜுக்குப் போய் வாருங்கள். ஃபிளட்டர் தன்பாட்டில் நிலையைச் சேமிக்காது, இலக்கத்தையும் எந்தத் திரை என்பதையும் நீங்கள்தான் போனில் எழுதி வைக்க வேண்டும். அதோடு எஸ்எம்எஸ் யூசர் கன்சென்ட் ஏபிஐ (பாவிக்கிறவர் சம்மதித்தால் அந்த எஸ்எம்எஸ்ஸைச் செயலிக்குக் கொடுக்கும் கூகுள் வசதி) போட்டால் ஒரு தட்டோடு ஓடிபி உள்ளே வந்துவிடும், மெசேஜுக்குப் போகும் தேவையே இல்லை.

சங்குவேலி டிசைனர்:
இருந்தாலும் எழுத்தளவையும் பாருங்கள்.

கொக்குவில் கோடர்:
ஓம், அதுதான். ஆப்ஷனைப் போட்டவுடன் முதல் திரைக்கே வந்து நிற்கிறது. திருத்திக்கொண்டிருக்கிறோம். மிக்க நன்றி அண்ணை.

மானிப்பாய் அக்கா:
நல்லது தம்பி. அடையாள அட்டைப் பெட்டியில் வீ தட்ட முடிகிறதா?