டிரெய்லர் ஓட்டியவருக்கு ஒரு டிரெய்னர் வேண்டும்

தண்டையார்பேட்டை_வாசி:
அப்பா 27 வருடம் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நின்றே பாதி ஆயுள் போச்சு என்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி எடுப்பதில்லை. இப்போது என் கம்ப்யூட்டரில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கேமில் ஓட்டுகிறார். அதிலும் ஆரம்பத்தில் அடுத்தவன் வண்டிக்குத்தான் டிரைவர். "இங்கேயும் கூலிக்குத்தானா?" என்று அலுத்துக்கொள்கிறார்.

சரி, பணத்தை ஏற்றிக் கொடுப்போம் என்று ஒரு டிரெய்னரை, அதாவது கேமை ஏமாற்றிப் பணம் கூட்டித் தரும் சின்ன புரோகிராமை, இறக்கினேன். ஆன்டிவைரஸ் அதைத் தூக்கிவிட்டது. இன்னொன்றில் எஃப்1 தட்டினால் கேமே மூடிக்கொள்கிறது. இது போக, தூக்கம் வருகிறது என்று திரை இருட்டுவது அவர் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஃபைன் வேறு. என்ன செய்யலாம்?

மணலி_லோடு:
தூக்கத்துக்கும் ஃபைனுக்கும் டிரெய்னர் எதற்கு? ஆப்ஷன்ஸில் கேம்ப்ளே பக்கத்தைத் திறங்கள். இரண்டுக்கும் டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள்.

கேம் மூடிக்கொள்வது பெரும்பாலும் வெர்ஷன் தகராறு. ஓடுகிற கேமின் மெமரியில் குறிப்பிட்ட இடத்துக்குப் போய் மாற்றுவதுதான் டிரெய்னரின் வேலை. அப்டேட் வந்தால் அந்த இடம் மாறிவிடும். வீடு காலி செய்தவருக்குப் பழைய விலாசத்தில் மணியார்டர் அனுப்பின கதை. கேமை ஸ்டீம் கடையில் வாங்கியிருந்தால், அங்கே அதன் ப்ராபர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போனால் பழைய வெர்ஷனை எடுக்கலாம்.

ராயபுரம்_ரேம்:
இன்னொரு புரோகிராமின் மெமரியில் கை வைப்பதால் ஆன்டிவைரஸுக்கு எல்லா டிரெய்னரும் திருடன்தான். சிலது நிஜத் திருடன். அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை பார்ப்பீர்கள் என்றால் ஆன்டிவைரஸை அணைக்காதீர்கள்.

பணம் மட்டும் போதும் என்றால் சீட் இன்ஜின் (Cheat Engine). கேமின் மெமரியில் ஒரு எண்ணைத் தேடி மாற்ற உதவும் புரோகிராம் அது. இன்ஸ்டால் ஆகும்போது வேறு எதையாவது கூடவே நுழைக்கப் பார்க்கும், டிக்ளைன் கொடுங்கள். முதலில் டாக்குமென்ட்ஸில் இருக்கும் கேம் ஃபோல்டரை காப்பி எடுத்து வையுங்கள். கரன்சி யூரோவிலேயே இருக்கட்டும். கையிருப்பை டைப் செய்து ஃபர்ஸ்ட் ஸ்கேன். அப்புறம் ஒரு லோடு இறக்கிக் கூலி வாங்கினால் எண் மாறும். புது எண்ணைப் போட்டு நெக்ஸ்ட் ஸ்கேன். ஆயிரக்கணக்கில் வந்தது ஒன்றிரண்டாகக் குறையும்வரை இதேதான். பிறகு அந்த எண்ணை வேண்டிய தொகையாக மாற்றுங்கள். தேடும் எண்ணின் அளவு (வேல்யூ டைப்) 4 பைட்டில் சிக்காவிட்டால் 8 பைட் என்று மாற்றிப் பாருங்கள்.

கான்வாய், வேர்ல்டு ஆஃப் டிரக்ஸ் என்ற ஆன்லைன் பகுதிகள் பக்கம் மட்டும் இதை வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே மற்ற ஆட்களும் இருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை_வாசி:
நன்றி அண்ணா, மூன்றாவது லோடில் சிக்கியது. 50 லட்சம் யூரோ போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "இவ்ளோ எதுக்கு? ஒரு வண்டி விலை போதும்" என்று குறைக்கச் சொல்லிவிட்டார். தூக்கத்தை அணைத்தாயிற்று. ஃபைனில் கை வைக்க விடவில்லை. சிக்னல் தாண்டினால் கட்டித்தான் ஆக வேண்டுமாம்.

சிவப்பு வால்வோ. கலர் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. வண்டியைக் கிளப்பப் போனவர் திடீரென்று எழுந்து சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து கீபோர்டு முன்னால் வைத்தார். நசுக்க மட்டும் அம்மா விடவில்லை.